அக்கா கத்தாத பதினாறு நாட்கள்

கொட்டகையில் பதினோரு பழைய கார்கள் நின்றன. கல்யாணத்துக்கும் படப்பிடிப்புக்கும் வாடகைக்குப் போகிறவை. ஓட்டுவதற்கு மூன்று டிரைவர்கள், எஞ்சினைப் பார்க்க ஒரு மெக்கானிக், ஃபோனில் "ஆமா சார், கண்டிப்பா சார்" என்று சொல்ல ஒரு முதலாளி. இந்தப் பதினொன்றின் பளபளப்புக்கு மட்டும் ஒரே ஒரு ஆள், முதலாளியின் கூடப்பிறந்த அக்கா. பம்பர், கிரில், விளக்கைச் சுற்றிய வளையம், கதவுப் பிடி, சக்கர மூடி, பக்கவாட்டில் ஓடும் ஒல்லிப் பட்டை என்று குரோம் பூசிய எதுவாக இருந்தாலும் அது அவள் பொறுப்பு.

வயது ஐம்பத்திரண்டு. நேரில் எல்லோருக்கும் அக்கா, முதுகுக்குப் பின்னால் சைரன். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாள். அந்தக் கொட்டகையில் அவள் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

கோபக்காரி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எதற்குக் கோபம் என்று யாராவது உட்கார்ந்து கேட்டதுண்டா? குரோம் என்றால் ஏதோ கெட்டி இரும்பு, காலத்துக்கும் அப்படியே இருக்கும் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. அது வெறும் தோல். முட்டை ஓட்டின் உள்பக்கம் ஒட்டி ஒரு சவ்வு இருக்குமே, அதைவிட எத்தனையோ மடங்கு மெல்லிசு. அதிலும் கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள். தண்ணீரும் உப்பும் அந்தப் பொத்தல் வழியாக உள்ளே போய், அடியில் இருக்கும் இரும்பைச் சத்தமில்லாமல் தின்னும். வெளியே ஒரு பழுப்புப் புள்ளி தெரிகிறது என்றால் உள்ளே வேலை எப்போதோ முடிந்துவிட்டது என்று பொருள். அப்புறம் என்ன தேய்த்தாலும் புள்ளி போகும், குழி போகாது. வந்தபிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாத ஒரு விஷயத்தை வருவதற்கு முன்னால் தடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆபத்தைச் சொன்னால் எவன் கேட்கிறான்? அதனால் கத்தினாள்.

இந்தக் கண் அவளுக்கு வந்தது ஒரு குழாய்த் தொழிற்சாலையில். தண்ணீர்க் குழாய்களுக்கு முலாம் பூசி அனுப்பும் இடம். அங்கே ஏழு வருடம் ஒரு டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு குழாயையும் திருப்பிப் பார்த்து, ஊசிமுனை அளவு பொத்தல் இருந்தாலும் தூக்கிக் கூடையில் போடுவதுதான் வேலை. அவள் கூடை மற்றவர்களின் கூடையைவிட எப்போதும் இரண்டு மடங்கு நிரம்பும். மேற்பார்வையாளர் ஒருநாள் வந்து, "கொஞ்சம் கண்ணை மூடிக்கிட்டுப் பாரும்மா" என்றார். "கண்ணை மூடிக்கிட்டு எப்படி சார் பார்க்கிறது? நீங்க பார்த்துக் காட்டுங்க" என்று இவள் கேட்டாள். அடுத்த மாதம் ஆள்குறைப்பு என்று சொல்லி முதல் ஆளாக அவளை அனுப்பினார்கள். அந்த வருடம்தான் தம்பி முதல் இரண்டு கார்களை வாங்கியிருந்தான். "சும்மாதானே இருக்க, வந்து துடைச்சுக் குடுக்கா" என்றான். வந்தாள். பத்தொன்பது வருடம் ஆகிறது.

துடைப்பது என்று தம்பி சொன்னதில் என்னென்ன அடக்கம் என்று பார்த்தால் தலை சுற்றும். முதலில் நல்ல தண்ணீர், பிறகு சோப்பு நுரை, மறுபடி நல்ல தண்ணீர். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பட்டைகளின் இடுக்கு. பனியன் துணியால் ஈரம் எடுத்து, காயவிட்டு, மெழுகைக் கைச்சூட்டில் இளக்கி ஒரு கை பூசி, மங்கியதும் வேறு துணியால் எடுக்க வேண்டும். இதெல்லாம் முன்பக்கம். பின்பக்கத்துக்குத் தரையில் சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் தலையைக் கொடுத்து, பம்பரின் முதுகில் கெட்டியாக மெழுகு அப்புவாள். முலாம் பூசும்போதே பின்பக்கம் ஒப்புக்குத்தான் பூசியிருப்பார்கள். துரு அங்கிருந்துதான் வரும்.

"பின்னால யாருக்கா பார்க்கப் போறாங்க?" என்று தம்பி கேட்பான்.

"துரு பார்க்கும்டா. நீ போய் ஃபோனைப் பாரு."

கொட்டகையில் எழுதப்படாத ஒரு வழக்கம் இருந்தது. யாரும் அவளிடம் எதையும் வாய்விட்டு அனுமதி கேட்பதில்லை. ஒரு வேலையை ஆரம்பிப்பார்கள், அவள் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்கள், ஒரு மூச்சு காத்திருப்பார்கள். தப்பாக இருந்தால் அதற்குள் சத்தம் வந்துவிடும். "ஏய், அந்தத் துணியில மண்ணு இருக்கு, உதறு." "எவன்டா அது கழிவறைக்கு ஊத்துற ஆசிட்டை இங்க கொண்டாந்தது?" சத்தம் வரவில்லை என்றால் வேலை சரி. இது யாரும் உட்கார்ந்து வகுத்த முறையில்லை. பத்தொன்பது வருடத்தில் தானாகப் படிந்தது.

பதினொன்றில் பெரியது ஒரு வெள்ளைக் கார். மகாராணி என்று கூப்பிடுவார்கள். மற்ற பத்தும் எங்காவது ஒருமுறை மறுமுலாம் பார்த்தவை. மகாராணியின் குரோம் மட்டும் அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் பூசிய அதே குரோம். "ஒரிஜினல் சார், ஒரு புள்ளி காட்டுங்க பார்ப்போம்" என்று தம்பி வாடிக்கையாளர்களிடம் மார்தட்டுவான். அந்த ஒரு புள்ளி வராமல் இருந்தது எதனால், யாரால் என்று எந்த வாடிக்கையாளரிடமும் அவன் சொல்லி அவள் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. இருந்தால் என்ன தப்பு?

சண்டை வந்தது ஒரு புகைப்படக்காரனால். ஏதோ திருமண நாள் படம் எடுக்க வந்தவன், மகாராணியின் கிரில்லில் அகலமான டேப்பை ஒட்டி ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருந்தான். படம் எடுத்து முடித்துப் பிய்த்தால் டேப்பின் பசை குரோமிலேயே தங்கிவிட்டது. அந்தப் புண்ணியவான் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தான். அக்கா அந்தப் பக்கம் பார்த்தாள். அவ்வளவுதான்.

"கையை எடு. எடுங்கறேன்ல. உன் கேமரா கண்ணாடியில நான் வந்து பிளேடு போடட்டா?"

அவன் கையிலிருந்த பிளேடைப் பிடுங்கிச் சுவரோரம் எறிந்தாள். படம் எடுக்க வந்திருந்த தம்பதி பயந்துபோய் ஒதுங்கினார்கள். புகைப்படக்காரன் தம்பியைப் பார்த்து, "மாசம் நாலு ஆர்டர் குடுக்கிறேன் சார், இப்படித்தான் பேசுவாங்களா உங்க ஸ்டாஃப்?" என்றான். தம்பி தன் அக்கா என்று சொல்லவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தனியாக அழைத்துப் பேசவும் இல்லை. டிரைவர்கள், மெக்கானிக், வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, "அக்கா, நீ வாயை மூடிக்கிட்டுத் துடைக்கிற வேலையை மட்டும் பாரு" என்றான்.

அவளுக்கு முகம் ஜிவ்வென்று சூடேறியது. தூக்கி வளர்த்த தம்பி. அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்ட கை இது. பதில் நாக்கு நுனிவரை வந்தது. அப்படியே விழுங்கினாள். சரி, முதலாளி சொல்லிவிட்டார், வாயை மூடிக்கொள்வோம் என்று அந்த நிமிடம் முடிவு செய்தாள். ஒரு வார்த்தை, அரை வார்த்தை, ஒரு "உம்" கூடக் கிடையாது. துடைக்கிற வேலையை மட்டும் பார்ப்போம். பார்த்துக்கொள்ளட்டும்.

முதல் நாள் கொட்டகையில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். மெக்கானிக் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். இரண்டாம் நாள் தம்பி பொண்டாட்டி சாப்பாட்டுக் கூடையோடு வந்து, "அண்ணி, கோபமா?" என்று கேட்டாள். அக்கா சக்கர மூடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அக்காவின் புருஷன் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவர், வாயில்லாப் பூச்சி. பகலெல்லாம் அடக்கிய சத்தம் மொத்தமும் சாயங்காலம் அந்த மனுஷன் தலையில்தான் இறங்கியது. அவர் சாப்பிட்டபடியே, "இதுல பாதியைத் தம்பிகிட்ட போய்ப் பேசேன், ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார். அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மகாராணி கடற்கரைக்குப் போனாள். ஏதோ சோப்பு விளம்பரம். ஓட்டிப்போனவன் நத்தை. பழைய கார்களை இருபதுக்கு மேல் விரட்டமாட்டான், ஒரு பள்ளத்தைக் கண்டால் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுவான், அதனால் வந்த பெயர். மூன்று டிரைவர்களில் அவன் ஒருத்தனிடம்தான் அக்கா கொஞ்சம் குறைவாகக் கத்துவாள். அன்றைக்கு விளம்பரக்காரர்கள் அலை வந்து மோதுகிற ஈரமணலில் காரை நிறுத்தி நாலு மணி நேரம் படம் எடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்தபோது மணி மூன்றரை. அவன் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் நாலு மணிக்கு அப்பாவையோ அம்மாவையோ வரச்சொல்லியிருந்தார்கள். வாழ்க்கையில் ஒருமுறை நத்தைக்கு அவசரம்.

கடலுக்குப் போய்வந்த காருக்கு அக்காவின் கொட்டகையில் தனிச் சட்டம். அடிப்பக்கம் மூன்று முறை நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும். பம்பருக்குப் பின்னாலும் பட்டைகளுக்கு அடியிலும் பிரஷ் போக வேண்டும். ராத்திரி முழுக்கத் திறந்தபடி உலரவேண்டும். மறுநாள் மெழுகு. அதுவரை மேலே எதையும் போர்த்தக்கூடாது. நத்தை குழாயைப் பிடித்து மேலாகக் கழுவினான், மேலாகத் துடைத்தான். பார்க்க நன்றாகத்தான் மின்னியது. தம்பி புதிதாக வாங்கியிருந்த, உள்ளே ரப்பர் வைத்த கனத்த உறையை நத்தையே தூக்கிக்கொண்டு வந்தான். அக்கா வழக்கமாகப் போடுவது பழைய பருத்தித் துணி. அது காற்றை விடும். இது விடாது.

எட்டடி தள்ளி, முக்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் வேறொரு காரின் விளக்கு வளையம். நிமிர்ந்து பார்த்தாள். மகாராணியின் பின்பம்பருக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, சிமெண்டுத் தரையில் விழுந்து, ஓரம் வெள்ளையாகக் காய்ந்தது. உப்பு. அடுத்த சொட்டும் இறங்கியது.

நத்தை அவளைப் பார்த்தான். வழக்கமான அந்த ஒரு மூச்சு காத்தான். அவள் சண்டையில் இருப்பது அவனுக்கும் தெரியும் போலிருக்கிறது, இந்தமுறை வாய்விட்டே கேட்டான்.

"அக்கா, கழுவிட்டேன். மூடிடலாமா?"

சொல்வதற்கு இரண்டே எழுத்து போதும். "டேய்" என்றால் அவன் உறையைக் கீழே போட்டிருப்பான். அவள் வாய் திறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு துடைக்கச் சொன்னவன் இதையும் பார்க்கட்டும் என்று நெஞ்சுக்குள் ஒரு வீம்பு, கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. மடியில் இருந்த வளையத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நத்தை இன்னும் கொஞ்சம் நின்றான். பிறகு உறையைப் போர்த்தி, நாலு பக்கமும் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஓடினான்.

மறுநாளிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. வாடகைக்குக் கேட்டிருந்த இரண்டொரு ஆட்களும் தள்ளிப்போட்டார்கள். மகாராணியின் உறையை அவிழ்க்க யாருக்கும் தேவை வரவில்லை. அக்கா தினமும் காலையில் அந்தக் காரைச் சுற்றிக்கொண்டுதான் தன் முக்காலிக்குப் போனாள். தினமும் உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். இன்றைக்கு உப்பு ஈரத்தை இழுத்திருக்கும். இன்றைக்கு விளக்கு வளையத்துக்கு அடியில் பொரிய ஆரம்பித்திருக்கும். தானே அவிழ்த்துக் கழுவிவிடலாம், அதற்குப் பேசக்கூட வேண்டாம். அப்படிச் செய்தால் அவன் சொன்னது சரியென்று ஆகிவிடாதா? வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறாள், பரவாயில்லை, இதுவே நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடமாட்டானா?

ஒன்பதாம் நாள் பொறுக்கமுடியாமல் உறையின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டாள். உள்பக்கம் வியர்த்து நசநசவென்று இருந்தது. அதேநேரம் தம்பி ஃபோனில் பேசிக்கொண்டே எதிரே வந்தான். அவளைப் பார்த்தான். 'என்னக்கா' என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். அவன் ஃபோனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். திமிரைப் பார். கையை வெளியே எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பதினாறாம் நாள் வெயில் அடித்தது. மறுநாளைக்கு ஒரு கல்யாணம், மகாராணிதான் வேண்டும் என்றார்களாம். தம்பி தானே கயிற்றை அவிழ்த்து உறையை இழுத்தான். ஈரக்காற்றும் துரு நாற்றமும் வெளியே வந்தன. முன்பம்பர் முழுக்கப் பழுப்புப் புள்ளி, அம்மை போட்ட முகம் போல. விளக்கு வளையங்கள் இரண்டும் வெளுத்துப் பொரிந்து, விரல் வைத்த இடத்தில் முலாம் செதிலாக எழும்பியது. பக்கப் பட்டையின் அடியிலிருந்து கதவு வழியாகப் பழுப்பாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது.

தம்பி கையிலிருந்த உறையைக் கீழே போட்டான். பிறகு திரும்பி, "இதை மூடினது யாரு?" என்றான்.

நத்தை முன்னால் வந்தான். "நான்தான் சார்."

"கடலுக்குப் போயிட்டு வந்த வண்டியை ஈரத்தோட மூடினியா? எத்தனை வருஷமா இங்க இருக்க நீ? ஒரிஜினல் குரோம்டா அது. இனி எந்தக் கொம்பன் வந்தாலும் அதைத் திருப்பித் தரமுடியாது, தெரியுமா? சாவியை வெச்சுட்டுக் கிளம்பு. நாளைக்கு வராத."

நத்தை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தான். "தப்புதான் சார். அன்னைக்கு அவசரம். ஆனா மூடறதுக்கு முன்னால அக்காகிட்ட கேட்டேன் சார். அவங்க ஒண்ணும் சொல்லல. தப்பா இருந்தா கத்தியிருப்பாங்கல்ல? கத்தலையேன்னுதான் மூடினேன்."

அவன் குற்றம் சொல்லவில்லை. குரலில் ஒரு துளி விஷம் இல்லை. சத்தம் வராவிட்டால் சரி என்று பத்து வருடமாக நம்பியவன், நம்பியதை அப்படியே சொன்னான். அக்காவுக்கு அதுதான் சுருக்கென்று இறங்கியது.

தம்பி அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, இவன் கேட்டானா?"

இல்லையென்று தலையாட்டினால் போதும். பதினாறு நாளாகக் கொட்டகையில் வாயைத் திறக்காதவள், இதற்கும் திறக்க வேண்டியதில்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நத்தை மட்டும் கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டான்" என்றாள். கொட்டகையில் பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல், கரகரவென்று வந்தது. "கேட்டான். உப்பு சொட்டறதை நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் பேசாம இருந்தேன். ஒன்பதாம் நாள் கையை விட்டும் பார்த்தேன். அப்பவும் பேசல. வாயை மூடிக்கிட்டுத் துடைன்னு நீதானே சொன்ன? மூடிக்கிட்டேன். இப்ப எதுக்கு அவன்கிட்ட சாவி கேக்கற? என்கிட்ட கேளு."

தம்பி கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தினால் திருப்பிக் கத்தலாம். இத்தனை வருடத்துப் பாக்கி எல்லாவற்றையும் அவிழ்த்துப் போடலாம் என்று மனதுக்குள் தயாராகவே இருந்தாள். அவன் கத்தவில்லை. மகாராணியின் பம்பருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஒரு புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்.

"நான் சொன்னா கேக்கறவளா நீ?" என்றான், பம்பரைப் பார்த்துக்கொண்டே. "நடக்கத் தெரிஞ்ச நாள்லேருந்து நான் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டிருக்கியா? ஒண்ணு, ஒரே ஒண்ணு? இதைத்தானா கேக்கணும்?" விரலில் ஒட்டிய பழுப்பைப் பார்த்தான். "இந்தக் கொட்டகையில நான் ஒரு வண்டியையும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லைக்கா. என்னிக்குமே பார்த்ததில்லை. உன் சத்தம் கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும், வண்டிங்க நல்லா இருக்குன்னு தெரிஞ்சுப்பேன்."

பத்தொன்பது வருடமாக அவள் காத்திருந்த பேச்சு அது. எந்த வாடிக்கையாளர் முன்னாலும் சொல்லாததை, புள்ளி விழுந்த பம்பர் முன்னால் உட்கார்ந்து சொல்கிறான். இப்போதா சொல்வது? அவளுக்கு வந்த கோபத்தில் அவனை அறையலாம் போலிருந்தது. யாரை அறைந்து என்ன? முக்கால்வாசிக் கோபம் தன்மேல்தான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

தம்பி எழுந்து, நத்தையின் கையிலிருந்த சாவியை அவன் விரல்களாலேயே மூடிவிட்டு, கல்யாணக்காரர்களுக்கு வேறு கார் சொல்ல ஃபோனோடு வெளியே போனான்.

அக்கா அலுமினியத் தாளைக் கிழித்து, தண்ணீரில் நனைத்து, பம்பரின் ஒரு மூலையிலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள். பழுப்பு வந்தது. துடைத்துப் பார்த்தாள். அடியில் குழி, ஊசியால் குத்தியது போல, விரல் நுனிக்குத் தட்டுப்பட்டது. அடுத்த புள்ளி. அடியில் குழி. குழாய்த் தொழிற்சாலையாக இருந்தால் முதல் குழியிலேயே தூக்கிக் கூடையில் போட்டிருப்பாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அடுத்த புள்ளிக்குப் போனாள்.

நத்தை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போயிருந்தான். பின்பம்பரைக் கழற்றி, முதுகைக் கழுவ வேண்டும் என்று சொல்லாமலே அவனுக்குத் தெரியும். முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிவிட்டு, பழக்கத்தில் அவள் பக்கம் பார்த்து, ஒரு மூச்சு காத்தான்.

"பார்க்காத" என்றாள் அவள். "இனிமே இப்படி என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு எதையும் செய்யாத. வாயைத் திறந்து கேளு. நான் பதில் சொல்லலைன்னா, அந்த வேலையைச் செய்யாத. நான் பேசாம இருந்தா அது சரின்னு அர்த்தம் இல்லைடா."

"சரிக்கா" என்றான் நத்தை. ஸ்பேனரைப் பிடித்தபடியே நின்றான். "இதைக் கழட்டட்டுமா?"